கோமளத்துக்குப் பொன்னுக்கு வீங்கி

கோமளத்தின் இடது கன்னம் அன்று காலை வலது கன்னத்தைவிட ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் பெரிதாக இருந்தது.

"எங்கே, வாயைத் திற" என்றார் சேஷகிரி.

கோமளம் திறக்கப் பார்த்தாள். பாதி திறப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பல்வலிதான். ராத்திரி சீடையைக் கடிச்சிருப்பா."

"பல்வலிக்குக் காதுக்குக் கீழே வீங்குமா?" என்றாள் அவர் மனைவி ருக்மிணி. "இது பொன்னுக்கு வீங்கின்னா."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே! சாயங்காலம் பிள்ளையாத்துக்காரா வரா."

"சொல்லாட்டா வீக்கம் இறங்கிடுமா?"

சேஷகிரி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவர் பெங்களூரில் புதிதாக எழும்பியிருந்த சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவில் ஒரு இலாகாவின் சூப்பரிண்டெண்ட். எப்பேர்ப்பட்ட தகராறையும் இரண்டு பேரின் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டால் தீர்த்துவிடலாம் என்பது அவருடைய உத்தியோக அனுபவம். ஆனால் வீக்கத்தை எந்த நாற்காலிக்கு மாற்றுவது?

தம் பேட்டையான மல்லேஸ்வரத்தில் எல்லாரிடமும் அவர் சொல்லிவிட்டிருந்தார், இந்த வரனைத் தாமே தேடிப் பிடித்ததாக. உண்மையில் ஜாதகம் ஒருநாள் தபாலில் தானாக வந்தது. பையன் வெங்கடகிருஷ்ணன் மின்சார இலாகாவில் எஞ்சினியர். பெற்றோர் மைசூரில் இருக்க, பசவனகுடியில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஜாதகம் அமோகமாகப் பொருந்தியது. அதைவிட அதிசயம், கோமளம் சம்மதித்தது. அதற்கு முன் வந்த வரன்களில் ஒருவனுக்குக் காது பெரிது என்றாள். ஒருவன் நடை சரியில்லை என்றாள். ஒருவன் சிரிப்பதே இல்லை என்றாள். இந்தப் பையனின் போட்டோவை நீட்டியபோது மட்டும் அதைப் பார்க்காமலே, "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்த அடக்கத்தைச் சேஷகிரி ஆபீசில்கூடச் சொல்லிப் பூரித்துப்போனார்.

ஆனால் பெண் பார்க்கிற நாள் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒருமுறை தாயாதி வீட்டுத் தீட்டு. இன்னொரு முறை சட்டசபை நடந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பையனின் அப்பா நாராயணசாமி ரிட்டயரான ஹெட்மாஸ்டர். மூன்றாம் முறையும் தள்ளினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக மைசூரிலிருந்து மரியாதையாக எழுதிவிட்டார்.

"டாக்டரைக் கூட்டிண்டு வரேன். ஒரு ஊசி போட்டா மத்தியானத்துக்குள்ள வத்திடும்" என்று சேஷகிரி கிளம்பினார்.

எட்டாவது கிராஸ் தெரு மூலையில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் மதலைமுத்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டோடேயே அவரை இழுத்து வந்தார் சேஷகிரி. டாக்டர் கோமளத்தின் காதுக்குக் கீழே இரண்டு விரலால் தொட்டார். அவள் "ஊ" என்றாள்.

"மம்ப்ஸ் சார். சந்தேகமே இல்ல."

"ஊசி?"

"இதுக்கு ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஜுரத்துக்கு வேணா ஏதாச்சும் தரேன். தானா வந்துச்சு, தானா போயிடும். ஒரு வாரம் பத்து நாள் ஆவும்."

"நாலு மணிக்குள்ள போகாதா?"

டாக்டர் சிரித்துவிட்டு, சேஷகிரி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "காதுக்குக் கீழே எச்சில் சுரக்கிற கோளம் இருக்கு சார். கிருமி அதுலதான் போய்க் குடித்தனம் பண்ணும். புளிப்பா எதையாச்சும் தின்னா எச்சில் ஊறுமில்ல, அப்ப உயிர் போற மாதிரி வலிக்கும். ஊறுகாய் ஜாடியைப் பாப்பா கண்ணுலயே காட்டாதீங்க."

"எங்களுக்கெல்லாம் ஒட்டிக்குமா டாக்டர்?" என்று ருக்மிணி கேட்டாள்.

"ஒட்டாம என்னம்மா? எச்சில்லதானே கிருமியே இருக்கு. கிட்ட உக்காந்து பேசினா, தும்மினா, இருமினா தெறிக்கும். ஆனா ஒட்டின அன்னிக்கே தெரியாது. ரெண்டு மூணு வாரம் உள்ளயே பதுங்கி இருந்துட்டுத்தான் கன்னத்துல முளைக்கும். போன மாசம் இந்தத் தெருவுல யாருக்காவது வந்துதா? பாப்பா போற கிளாஸுல?"

கோமளம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"அவ டைப்ரைட்டிங் கிளாஸை விட்டா வீடு, வீட்டை விட்டா டைப்ரைட்டிங் கிளாஸ்" என்றார் சேஷகிரி.

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு சேஷகிரியின் தோளைத் தொட்டு வாசலுக்கு அழைத்துப்போனார்.

"சார், மாப்பிள்ளைப் பையன் வரானாமே. அவனுக்குச் சின்ன வயசுல இது வந்திருக்கா?"

"தெரியாதே. எதுக்கு?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா பெரும்பாலும் லேசாப் போயிடும். வளர்ந்த ஆம்பளைக்கு வந்தாத்தான் தொந்தரவு. சில பேருக்குக் கழுத்தோட நிக்காது. கீழே இறங்கிடும்."

"கீழேன்னா, நெஞ்சுக்கா?"

"இன்னும் கீழே."

"வயித்துக்கா?"

டாக்டர் தெருவைப் பார்த்தார். சேஷகிரிக்கு மெதுவாகப் புரிந்தது. இரண்டு கையாலும் வேட்டியைப் பற்றிக்கொண்டார்.

"எல்லாருக்கும் அப்படி இல்ல சார், பயப்படாதீங்க. அது வந்தாலும் குழந்தை பொறக்காம போறது ரொம்ப அபூர்வம். சும்மா ஒரு எச்சரிக்கைக்குச் சொன்னேன். ஏற்கெனவே ஒரு தடவை வந்திருந்தா கவலையே வேணாம், மறுபடி வராது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் பூசைக்கு விரைந்தார்.

ஒரு வார்த்தை கேட்பதாம்! வருகிற சம்பந்தியை வாசலிலேயே நிறுத்தி, "வாங்கோ, உங்க பிள்ளைக்கு எப்பவாவது வீங்கியிருக்கோ?" என்று எப்படிக் கேட்பது? டாக்டர் சொன்னதில் 'அபூர்வம்' என்கிற பகுதி சேஷகிரியின் காதில் ஏறவே இல்லை. தம்முடைய கூடத்தில் உட்கார்ந்து தம் வீட்டுப் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஒரு வம்சமே அற்றுப்போகப் போகிறது. அதுவும் தம் பேரன்கள் பிறக்கவேண்டிய வம்சம்.

"வேண்டாம். ஆள் அனுப்பி வரவேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

கோமளம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வழட்டும்ப்பா" என்றாள்.

"என்னது?"

"வழ... ட்டும்." அதைச் சொல்வதற்குள் மறுபடி கண்ணில் நீர்.

அப்பாவின் வாக்கு தவறக்கூடாது என்று வலியைப் பொறுத்துக்கொள்கிறாள் பெண்! சேஷகிரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சரி, வரட்டும். அவளை அவர்கள் கிட்டே விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. நாற்காலி போடுவதில் தமக்கு இல்லாத சாமர்த்தியமா?

பிள்ளை வீட்டாருக்குத் தெருப்பக்க ஜன்னலோரம் பாய் விரித்தார். கோமளத்துக்குக் கூடத்தின் மறுகோடியில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதை வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டார். நடுவே சாப்பாட்டு மேஜையை நகர்த்தி, அதன்மேல் இரண்டு பூச்சாடிகளையும் வைத்தார்.

ருக்மிணி தன் பங்குக்கு நாமக்கட்டியை உரைத்து வீக்கத்தில் பற்றுப் போட்டாள். கழுவியபோது கன்னத்தில் வெள்ளைத் திட்டு நின்றுவிட்டது. அதை மறைக்க முகம் முழுக்கப் பவுடர் பூச வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டு நாகரத்னம்மா மதில் வழியாக எட்டிப் பார்த்தாள். "மங்கனபாவா?" என்றாள். கன்னடத்தில் அந்த வியாதிக்குக் குரங்கு வீக்கம் என்று பெயர். கழுத்தில் தங்கம் பட்டால் இறங்கிவிடும் என்று இரண்டு பாஷைக்காரர்களுக்கும் நம்பிக்கை. நாகரத்னம்மா உள்ளே போய் விரல் பருமனுள்ள தன் தங்கச் சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு மணிக்கு ருக்மிணி கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"ஏன்னா, வலது கன்னமும் வீங்கிடுத்து!"

சேஷகிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எந்தப் பக்கம் திருப்பறது?"

"திருப்பவே வேண்டாம். இப்ப ரெண்டும் சமமா இருக்கு. பூசின உடம்புன்னு நெனைச்சுப்பா" என்றாள் ருக்மிணி.

நாலு மணிக்கு ஜட்கா வந்து நின்றது. நாராயணசாமி இறங்கினார், அவர் மனைவி இறங்கினாள், சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட பசவனகுடி அத்தையைக் கைபிடித்து இறக்கிவிட்டான் வெங்கடகிருஷ்ணன். பையன் போட்டோவைவிட லட்சணமாக இருந்தான். சேஷகிரி பூச்சாடிகளை இன்னும் நெருக்கி வைத்தார்.

கோமளம் வந்து மறுகோடியில் உட்கார்ந்தாள். பூச்சாடிகளுக்கு நடுவே பவுடர் பூசிய ஒரு வட்டமும் அதன்கீழ் பெரிய சங்கிலியும் தெரிந்தன.

"போட்டோவில ஒல்லியா இருந்தாளே" என்றாள் பையனின் அம்மா.

"அது போன வருஷம் எடுத்தது" என்றாள் ருக்மிணி.

"சங்கிலி ரொம்ப நன்னா இருக்கு. கெட்டியோ?"

"கெட்டிதான்" என்றாள் ருக்மிணி, சங்கிலி யாருடையது என்று சொல்லாமல்.

"ஏன் இவ்வளவு தூரத்துல உட்கார வெச்சிருக்கேள்?" என்று நாராயணசாமி கேட்டார். "என் கண்ணுக்கே சரியாத் தெரியலை. எங்க அக்காவுக்குச் சுத்தமாத் தெரியாது."

"காத்து! ஜன்னலோரம்தான் நல்ல காத்து!"

வெங்கடகிருஷ்ணன் மட்டும் எட்டி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் சட்டென்று மாறியது. கை தன்னையறியாமல் தன் கன்னத்துக்குப் போயிற்று. பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சேஷகிரி கவலைப்பட்டார்.

வழக்கப்படி கோமளம் காபித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாலு டம்ளர்களுக்கு மேலே அவள் மூச்சு! சேஷகிரி பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்கினார். அந்த வேகத்தில் ஒரு டம்ளர் பூச்சாடிக்குள் கவிழ்ந்தது.

"நான் குடுக்கறேன்! எங்காத்துல எப்பவும் நான்தான் காபி குடுக்கறது!"

நாராயணசாமி தன் மனைவியைப் பார்த்தார். அவள் ருக்மிணியைப் பார்த்தாள். "பொண்ணு வேலை செய்ய மாட்டாளோ?"

ருக்மிணி அவசரமாகச் சமாளித்தாள். "ஐயோ, எல்லாம் செய்வா மாமி. இந்தப் பஜ்ஜிகூட அவ பண்ணினதுதான்."

பஜ்ஜியை வாயருகே கொண்டுபோன வெங்கடகிருஷ்ணனைப் பார்த்துச் சேஷகிரி அலறினார். "இல்லை, இல்லை! அவ கையே படலை! சத்தியமா அவ சமையல்கட்டுப் பக்கமே போகலை!"

எல்லார் கையிலும் பஜ்ஜி பாதியில் நின்றது. அத்தை மட்டும் பஜ்ஜி தின்கிற சத்தம் கேட்டது.

"போகட்டும். ஒரு பாட்டாவது பாடச் சொல்லுங்கோ. நன்னாப் பாடுவான்னு எழுதியிருந்தேளே" என்றார் நாராயணசாமி.

"இன்னிக்கு அவளுக்கு மௌன விரதம்."

"ஞாயித்துக்கிழமையிலா?"

"சூரிய பகவானுக்கு."

பையனின் அம்மாவுக்கு இது கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் அப்போது வெங்கடகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான். "சார், நீங்க தப்பா நெனைக்கலேன்னா... அவகூடத் தனியா ரெண்டு நிமிஷம் பேசலாமா? உடம்பு எப்படி இருக்குன்னு... அதாவது, பொதுவா."

"தனியாவா?" சேஷகிரி மேஜைக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "கூடவே கூடாது! நீங்க அவ கிட்டக்கவே போகப்படாது! நான் உயிரோட இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்!"

நாராயணசாமி பாயிலிருந்து எழுந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை அடக்கி ஆண்ட குரல் வெளியே வந்தது.

"ஓய், பெண் பார்க்க வரச்சொல்லிட்டுப் பெண்ணைத் தெருக்கோடியில உட்கார வெச்சிருக்கீர். காபி குடுக்க விடலை, பேச விடலை, பாட விடலை. பையன் கிட்டப் போகப்படாதுங்கறீர். அப்புறம் கல்யாணம் எப்படிங்காணும் பண்றது, தபால்லயா? கிளம்புடா வெங்கிட்டு!"

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டு மதில் மேலிருந்து நாகரத்னம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"ருக்மிணம்மா! மங்கனபாவு இளியோ வரெகூ நம்ம ஸரா தெகீபேடி!"

குரங்கு வீக்கம் இறங்குகிறவரை எங்கள் சங்கிலியைக் கழற்றவேண்டாம் என்று அர்த்தம். மைசூர்க்காரர்களுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நாராயணசாமி பெண்ணின் கன்னத்தைப் பார்த்தார். அவர் மனைவி பெண்ணின் சங்கிலியைப் பார்த்தாள்.

சேஷகிரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், நான் உங்களை வரவேண்டாம்னு சொல்லியிருக்கணும். மூணாம் தடவை சொல்லத் தைரியம் வரலை" என்றார். "குழந்தைக்குக் காலம்பற பொன்னுக்கு வீங்கி. வயசு வந்த ஆம்பளைக்கு ஒட்டினா ஆபத்துன்னு டாக்டர் சொன்னார். உங்க வம்சத்துக்கே... நான் எப்படிச் சொல்வேன்? இந்தக் கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும், உங்க பிள்ளைக்கு ஒண்ணும் வரப்படாதுன்னுதான் சார் இப்படியெல்லாம் பைத்தியக்காரன் மாதிரி நடந்துண்டேன். மன்னிச்சுடுங்கோ."

கோமளம் தலையைக் குனிந்துகொண்டாள். ருக்மிணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாராயணசாமி மேல் துண்டைத் தோளில் போட்டபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

திடீரென்று பையனின் அம்மா விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"வெங்கிட்டுவுக்கா? அவனுக்குப் போன மாசம்தான் வந்து போச்சு!"

"என்ன சொல்றேள்?"

"ரெண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தானாம். எனக்கு ஒரு வரி எழுதலை பாருங்கோ. எல்லாம் சரியானப்புறம்தான் மைசூருக்கு வந்து சொன்னான். பாவம், அக்காதான் ஒண்டியா நின்னு பார்த்துண்டா."

அத்தை பஜ்ஜியை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள். "நான் எங்கே ஒண்டியா..."

"அத்தை, இன்னும் ரெண்டு பஜ்ஜி போட்டுக்கோங்கோ!" என்று வெங்கடகிருஷ்ணன் தட்டையே அவள் மடியில் வைத்துவிட்டான். அவனுக்கு இருமல் வேறு வந்துவிட்டது.

சேஷகிரி எழுந்தார். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை உருண்டு போனது. "அப்போ... கீழே ஒண்ணும்..."

"கழுத்தோட நின்னுடுத்து சார்" என்றான் வெங்கடகிருஷ்ணன் சிவந்துபோய்.

சேஷகிரி அவனைக் கட்டிக்கொண்டார். தாமே மேஜையை இழுத்துச் சுவரோரம் தள்ளினார். நாராயணசாமியும் இப்போது சிரித்துக்கொண்டிருந்தார். தம் பிள்ளைக்காக இவ்வளவு அவமானப்பட்ட மனிதரை அவர் பார்த்ததே இல்லை என்றார். வேறு சம்பந்தியே வேண்டாம், இன்றைக்கே பூ வைத்துவிடலாம் என்றார்.

"பொருத்தத்தைப் பார்த்தேளா?" சேஷகிரிக்கு நிலைகொள்ளவில்லை. "இவர் பசவனகுடி, இவ மல்லேஸ்வரம். ஒருத்தரை ஒருத்தர் கண்ணால கண்டதில்லை. அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி! இப்பேர்ப்பட்ட ஜாதகத்தை நான் அலைஞ்சு தேடிப் பிடிச்சேனாக்கும். என் பொண்ணு இன்னிவரைக்கும் அன்னிய ஆம்பளையை நிமிர்ந்து பார்த்திருப்பாளா, கேளுங்கோ!"

பையனின் அம்மா மல்லிகைப் பூவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சேஷகிரி இப்போது பாதி டாக்டராகியிருந்தார்.

"நில்லுங்கோ மாமி. உங்களுக்கு இது வந்திருக்கோ?"

"இல்லையே."

"அப்போ நீங்க கிட்டப் போகப்படாது. வந்து போனவாதான் போகலாம்."

"அக்காவுக்குச் சின்ன வயசுலயே வந்தாச்சு" என்று அவள் பூவை அத்தையிடம் கொடுத்தாள். "நீங்க போய் வெச்சுட்டு வாங்கோ."

"அத்தைக்கு எதுக்குச் சிரமம்..." என்று வெங்கடகிருஷ்ணன் பாதி எழுந்தான். நாராயணசாமி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

அத்தை மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தின் மறுகோடிக்கு மெள்ள நடந்தாள். கோமளத்தின் தலையில் பூவை வைத்தாள். மோவாயைத் தொட்டு முகத்தைத் தூக்கினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வீங்கிய கன்னங்களுக்கு நடுவே இருந்த கண்களை உற்றுப் பார்த்தாள். பிறகு மருமானைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடப்பாவி வெங்கிட்டு, டாக்டர் அனுப்பிச்ச நர்ஸுன்னு சொன்னியே, தினம் உனக்குக் கஞ்சி ஊட்டிட்டு மிச்சத்தை அதே டம்ளர்ல குடிச்சுட்டுப் போவாளே, அந்தப் பொண்ணுன்னாடா இது!"